ரோபோவுக்கு எந்த கேம்பேட்? இணைப்பு அறுந்தால் வண்டி நிற்குமா என்று பார்த்து வாங்குங்கள்

ராஸ்பெரி பை (சுருக்கமாகப் பை) என்ற சிறு கணினியை வைத்துக் கட்டிய சிறு வண்டி ஓடத் தொடங்கியதும் அடுத்துத் தேவைப்படுவது கேம்பேட், அதாவது வீடியோ கேம் ஆடும் கைக்கருவி. விசைப்பலகையின் அம்புக்குறிகளாலும் வண்டியை ஓட்டலாம்தான். ஆனால் போ, நில், திரும்பு என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. மேசைக்காலைத் தொடாமல் வளைந்து போக வேண்டுமென்றால் கட்டைவிரல் நகரும் அளவுக்கேற்ப வேகம் ஏறி இறங்க வேண்டும். அதற்கு அனலாக் ஸ்டிக் வேண்டும்.

எதை வாங்கலாம் என்ற பேச்சு வந்தால் பெரும்பாலோர் மூன்றைப் பார்க்கிறார்கள்: விலை, கைக்கு இதமா, பையில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தில் டிரைவர் (சாதனத்தைக் கணினிக்குப் புரியவைக்கும் மென்பொருள்) உண்டா. மூன்றாவது கேள்வி இன்று ஏறத்தாழத் தீர்ந்துவிட்டது. எக்ஸ்பாக்ஸ் வகைக் கம்பி பேடுகளுக்கான டிரைவர் நெடுங்காலமாக லினக்ஸின் உட்கருவான கெர்னலிலேயே இருக்கிறது. பிளேஸ்டேஷன் 5 பேடான டூயல்சென்ஸுக்கு சோனி நிறுவனமே எழுதிக் கொடுத்த டிரைவர் 2021இல் கெர்னல் 5.12இல் சேர்ந்தது, பிளேஸ்டேஷன் 4 பேடான டூயல்ஷாக் 4 அதே டிரைவருக்குள் 2023இல், கெர்னல் 6.2இல் வந்தது. நின்டெண்டோ சுவிட்ச் புரோவுக்கு 5.16 முதல் ஆதரவு உண்டு. ஆகவே நான் முதலில் கேட்பது வேறொரு கேள்வி. ஸ்டிக்கை முழுவதும் முன்னே தள்ளியிருக்கும் நேரத்தில் இணைப்பு அறுந்தால் வண்டி எவ்வளவு நேரத்தில் நிற்கும்? மேசைமேல் ஓடும் பொம்மைக்கு இந்தக் கேள்வி தேவையில்லை. ஐந்து கிலோ எடையில், நடக்கும் வேகத்தில், குழந்தைகள் திரியும் இடத்தில் ஓடும் வண்டிக்கு இதைவிட முக்கியமான கேள்வி இல்லை.

ராஸ் 2இல் ஒளிந்திருக்கும் கண்ணி

ராஸ் 2 என்பது ரோபோவை இயக்கும் நிரல்களை எழுத உதவும் மென்பொருள் தொகுப்பு. அதில் ஒரு வேலையைச் செய்யும் தனி நிரலுக்கு நோடு என்று பெயர். அதில் கேம்பேடுக்கான பாதை பலருக்கும் பழக்கமானது. ஜாய் நோடு கேம்பேடைப் படித்து, ஸ்டிக்குகளின் நிலையையும் பட்டன்களின் நிலையையும் ஒரு செய்தியாக வெளியிடும். டெலியாப் ட்விஸ்ட் ஜாய் என்ற நோடு அந்தச் செய்தியை வேகக் கட்டளையாக மாற்றும். அதில் டெட்மேன் பட்டன் உண்டு: அதை அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் கட்டளை போகும், விரலை எடுத்ததும் பூஜ்ய வேகம் ஒருமுறை போய் வண்டி நிற்கும். அதற்கும் கீழே, சக்கரங்களை ஓட்டும் டிஃப் டிரைவ் கன்ட்ரோலர், புதிய கட்டளை அரை விநாடி வராவிட்டால் தானாகவே நிறுத்திவிடும். இரண்டு அடுக்குப் பாதுகாப்பு இருக்கிறதே என்று நிம்மதி வரும்.

அந்த நிம்மதியைக் குலைப்பது ஜாய் நோடின் ஆட்டோரிபீட் என்ற அமைப்பு. கடைசியாகக் கண்ட நிலையை, எதுவும் மாறாவிட்டாலும், திரும்பத் திரும்ப வெளியிடுவது அதன் வேலை. ராஸ் 1இல் இது இயல்பாக அணைந்திருந்தது. ராஸ் 2இல் இயல்பு மதிப்பு 20. அதாவது விநாடிக்கு 20 முறை. இப்படி மாற்றியதற்கு நியாயம் இருக்கிறது. கெர்னலின் உள்ளீட்டு அடுக்கு, மதிப்பு மாறினால்தான் தகவல் அனுப்பும். ஸ்டிக்கை முன்னே தள்ளி அசையாமல் பிடித்திருந்தால் மேலே வருவது மௌனம்தான். ஆட்டோரிபீட் இல்லையென்றால், ஒழுங்காக ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அரை விநாடி வரம்பு குறுக்கிட்டு வண்டியை நிறுத்திவிடும்.

ஆனால் அதே ஆட்டோரிபீட், கேம்பேட் உண்மையிலேயே செத்துவிட்ட பிறகும், அந்தச் சாதனம் இன்னும் இருக்கிறது என்று கெர்னல் நம்பும்வரை, "டெட்மேன் அழுத்தியிருக்கிறது, ஸ்டிக் முன்னே இருக்கிறது" என்ற பழைய செய்தியையே விநாடிக்கு 20 முறை அனுப்பிக்கொண்டிருக்கும். டெட்மேன் பட்டன் உதவாது, ஏனென்றால் அது அழுத்தியபடியே உறைந்துவிட்டது. அரை விநாடி வரம்பும் உதவாது, ஏனென்றால் கட்டளை வந்துகொண்டேதான் இருக்கிறது. எனவே கேம்பேட் வகைகளை ஒப்பிடும்போது, தொடர்பு போனதைக் கெர்னல் எவ்வளவு சீக்கிரம் தெரிந்துகொள்கிறது என்பதை நான் முதலில் வைக்கிறேன்.

கம்பி

கம்பி பேட் இதில் குறையே இல்லாதது. பிடுங்கிய கணமே யுஎஸ்பி போர்ட் அறிந்துகொள்ளும், சாதனம் மறையும், ஜாய் நோடு வாயை மூடும், அரை விநாடி வரம்பு தன் வேலையைச் செய்யும். பேட்டரி இல்லை, ஜோடி சேர்க்கும் வேலை இல்லை. லாஜிடெக் எஃப்310 இந்த வகையில் பேர்போனது. பள்ளி மாணவர்களுக்கான ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் போட்டிகளில் பல ஆண்டுகளாக அனுமதிக்கப்பட்ட பேட் அது. அதில் எக்ஸ், டி என்று இரண்டு நிலை கொண்ட ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறது. எக்ஸ் நிலையில் வைத்தால் பின்புற டிரிகர்கள் அனலாகாக வேலை செய்யும். டி நிலையில் அவை வெறும் பட்டன்களாகிவிடும், பட்டன் எண்களும் மாறிவிடும். நேற்று ஓடிய வண்டி இன்று தலைகீழாக நடந்துகொண்டால் நிரலைத் திறக்குமுன் இந்தச் சுவிட்சைப் பாருங்கள்.

சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் கிடைக்கும் பெயர் தெரியாத மலிவு யுஎஸ்பி பேடுகளும் மோசமில்லை. பலவற்றுக்குள் இருப்பது டிராகன்ரைஸ் சிப்; லினக்ஸ் அதை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். நடுவில் அனலாக் என்ற பட்டனும் ஒரு சிவப்பு விளக்கும் இருக்கும். விளக்கு அணைந்திருந்தால் இடது ஸ்டிக், திசைப் பட்டன் போல முழு வேகம் அல்லது பூஜ்யம் என்று மட்டுமே சொல்லும். பழகுவதற்கு இவை போதும்.

கம்பியின் குறை வெளிப்படை: வண்டியின் பின்னாலேயே நாய்க்குட்டி பிடித்ததுபோல் நடக்க வேண்டும். இதற்கு மாற்று, பேடை வண்டியில் செருகாமல் மடிக்கணினியில் செருகுவது. அதைப் பின்னால் பேசுவோம்.

டாங்கிள்

கம்பியில்லாத் தொல்லையற்ற வழி என்று பலர் முதலில் எடுப்பது லாஜிடெக் எஃப்710 போன்ற 2.4 கிகாஹெர்ட்ஸ் பேடுகள். டாங்கிள் எனப்படும் சிறு ரிசீவரைச் செருகினால் போதும், ஜோடி சேர்க்க வேண்டியதில்லை, இரண்டு ஏஏ பேட்டரியில் நெடுநேரம் ஓடும். வசதியில் இதை மிஞ்ச ஆளில்லை. என் கேள்விக்குத்தான் இது சரியான பதில் தருவதில்லை. ரிசீவர் வண்டியில் செருகியபடியே இருக்கிறது. கையிலுள்ள பேட் எட்டாத தூரம் போனாலும், பேட்டரி தீர்ந்தாலும், கெர்னலைப் பொறுத்தவரை சாதனம் எங்கும் போகவில்லை. அந்த நேரத்தில் ரிசீவர் நடுநிலை மதிப்பை அனுப்புமா, கடைசி மதிப்பிலேயே நிற்குமா என்பது அதனுள் இருக்கும் மென்பொருளைப் பொறுத்தது. அட்டைப்பெட்டியில் அதை எழுதியிருக்க மாட்டார்கள். சோதித்துப் பார்க்காமல் டாங்கிள் பேடைக் கனமான வண்டிக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

எஃப்710இல் மோட் என்றொரு பட்டனும் உண்டு. அதை அழுத்தி விளக்கு எரிந்தால் இடது ஸ்டிக்கும் திசைப் பட்டன்களும் ஒன்றுக்கொன்று இடம் மாறிவிடும். கை தவறிப் படும் இடத்திலேயே அது இருக்கிறது.

டிரிகரை ஆக்சிலரேட்டராக வைக்க நினைப்பவர்களுக்கு, கம்பியோ டாங்கிளோ, ஒரு எச்சரிக்கை. ராஸில் டிரிகரின் மதிப்பு அழுத்தாதபோது 1, முழுவதும் அழுத்தினால் -1. சில அமைப்புகளில் வண்டியை இயக்கியதிலிருந்து டிரிகரை முதன்முறை தொடும்வரை அது 0 என்று காட்டும். 1 என்றால் நிற்க, -1 என்றால் முழு வேகம் என்று கணக்கிட்டிருந்தால் 0 என்பது பாதி வேகம். யாரும் எதையும் தொடாமலே வண்டி கிளம்பிவிடும். இரண்டு டிரிகர்களையும் ஒருமுறை அழுத்தி விட்ட பிறகே மோட்டாருக்குக் கட்டளை போகும்படி எழுதுங்கள்.

புளூடூத்

டூயல்ஷாக் 4, டூயல்சென்ஸ், எக்ஸ்பாக்ஸ் பேடுகள் ஆகியவற்றின் தரம் மேலே சொன்னவற்றைவிட ஒரு படி மேல். ஸ்டிக்கின் நுண்ணுணர்வு, பிடிக்கும் வாகு, எல்லாமே. டூயல்ஷாக் 4இல் ஷேர், பிஎஸ் பட்டன்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்தால் ஒளிப்பட்டை மின்னத் தொடங்கும். அப்போது ராஸ்பெரி பையில் புளூடூத் கருவியைத் திறந்து ஜோடி சேர்க்க வேண்டும். அதோடு டிரஸ்ட் கட்டளையையும் கொடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் இன்று வேலை செய்வது, பையை அணைத்து எழுப்பிய பிறகு இணையாமல் அடம்பிடிக்கலாம்.

என் கேள்விக்கு இது தரும் பதில் கலவையானது. பேடை முறையாக அணைத்தால் கெர்னல் உடனே அறியும். ஆனால் பேட் திடீரென்று எட்டாத தூரத்துக்குப் போனால், அல்லது குறுக்கே ஒரு சுவர் வந்தால், புளூடூத் உடனே கைவிடாது, காத்திருக்கும். பழைய வகை புளூடூத்தில் இந்தக் காத்திருப்பின் இயல்பு வரம்பு 20 விநாடி. சோனி பேடுகள் இந்த வகைதான். டெலியாப் நோடின் இயல்பு வேகம் விநாடிக்கு 0.5 மீட்டர். 20 விநாடியில் 10 மீட்டர். ஒரு வகுப்பறையின் நீளத்தை யாருடைய கட்டுப்பாடும் இல்லாமல் வண்டி கடந்துவிடும்.

இதற்கு எனக்குப் பிடித்த ஒரு மருந்து சோனி பேடுகளுக்குள்ளேயே இருக்கிறது. டூயல்ஷாக் 4ஐயும் டூயல்சென்ஸையும் லினக்ஸில் இணைத்தால், பட்டன்களுக்கு ஒரு சாதனமும், அசைவு உணரிகளுக்குத் தனியாக இன்னொரு சாதனமும் தோன்றும். அசைவு உணரி ஒருபோதும் மௌனமாக இருப்பதில்லை. பேடை மேசைமேல் அசையாமல் வைத்தாலும் அதன் மதிப்புகள் சிறு இரைச்சலோடு மாறிக்கொண்டே இருக்கும். நேர முத்திரையும் கூடவே வரும். பேட் உயிரோடு இருப்பதற்கான நாடித்துடிப்பு அது. பைத்தானின் ஈவிடெவ் நூலகத்தால் அந்தச் சாதனத்தைப் படித்து, துடிப்பு வரும்வரை மட்டும் வேகக் கட்டளைகளைச் சக்கரங்களுக்கு விடுவதா தடுப்பதா என்று தீர்மானிக்கும் ட்விஸ்ட் மக்ஸ் நோடின் பூட்டுக்கு "திறந்திரு" என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு சிறு நோடு எழுதலாம். ட்விஸ்ட் மக்ஸின் பூட்டுக்குக் காலவரம்பு வைத்தால், அந்தச் செய்தி நின்றதும் அது தானே பூட்டிக்கொண்டு எந்த வேகக் கட்டளையையும் விடாது. வரம்பை 0.3 விநாடி என்று வையுங்கள். 10 மீட்டர் ஓடியிருக்க வேண்டிய வண்டி 15 சென்டிமீட்டரில் நிற்கும். ஐம்பது வரிக்குள் எழுதிவிடக்கூடிய இந்த நோடுக்காகவே, விலை கூடுதலாக இருந்தாலும், எக்ஸ்பாக்ஸ் பேடைவிட சோனி பேடை நான் தேர்ந்தெடுப்பேன். எக்ஸ்பாக்ஸ் பேடில் அசைவு உணரி இல்லை.

ராஸ் இல்லாமல் இஎஸ்பி32

எல்லா வண்டிக்கும் ராஸ் தேவையில்லை. லேசரால் தூரம் அளக்கும் லைடார் இல்லை, கேமரா இல்லை, ஓட்டி மகிழ்வதுதான் நோக்கம் என்றால் இஎஸ்பி32 என்ற மைக்ரோகன்ட்ரோலர் (ஒரே சிப்பில் அடங்கிய சிறு கணினி) பலகையில், கேம்பேடைப் படிக்கும் புளூபேட்32 நூலகத்தை ஏற்றுவது மிக நேர்த்தியான வழி. கேம்பேட் நேரடியாக மைக்ரோகன்ட்ரோலருடன் பேசும். நடுவில் இயங்குதளம் இல்லை, நோடுகள் இல்லை, எழுந்திருக்க ஒரு நிமிடம் எடுக்கும் பை இல்லை. ஸ்டிக்கின் மதிப்பு -511 முதல் 512 வரை நேராகக் கைக்கு வரும். அதைக் கொண்டு மோட்டார் டிரைவருக்கு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடபிள்யூஎம் துடிப்புகளை அனுப்பினால் முடிந்தது. சோனி பேடுடன் புதிய தரவு வந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, 200 மில்லிவிநாடி எதுவும் வராவிட்டால் மோட்டாரை நிறுத்து என்று நான்கு வரி எழுதினால் என் கேள்விக்கு முழு விடை கிடைத்துவிடுகிறது. மோட்டாரை ஓட்டும் சிப்பே தொடர்பையும் கண்காணிப்பதால் இடையில் ஏமாற்ற யாரும் இல்லை.

பலகை வாங்கும்போது மட்டும் கவனம் தேவை. பழைய, மூல இஎஸ்பி32 சிப்பில் பழைய வகை புளூடூத்தும், குறைந்த மின்சாரத்தில் இயங்கும் புதிய வகையான பிஎல்இயும் இரண்டும் உண்டு. அதன்பின் வந்த எஸ்3, சி3 சிப்புகளில் பிஎல்இ மட்டும்தான். சோனி பேடுகள் பழைய வகையில் பேசுபவை. எஸ்3 பலகையுடன் அவை எந்நாளும் இணையாது. புதியது சிறந்தது என்று எஸ்3 வாங்கிவந்து மாணவர்கள் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். எஸ்3தான் கையில் இருக்கிறது என்றால் பிஎல்இ பேசும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் பேடை எடுங்கள்.

ஆர்டுயினோ ஊனோவில் மேக்ஸ்3421இ சிப் கொண்ட யுஎஸ்பி ஹோஸ்ட் ஷீல்டைப் பொருத்தியும் கேம்பேடை இணைக்கலாம். ஊனோவின் 2 கிலோபைட் நினைவகத்துக்குள் அதைத் திணிக்கும் சிரமத்துக்கு இன்று காரணமில்லை.

மடிக்கணினியும் வைஃபையும்

பேடை மடிக்கணினியில் செருகி, ஜாய் நோடை அங்கேயே ஓட்டி, செய்தியை வைஃபை வழியாக வண்டிக்கு அனுப்பும் முறை ராஸ் 2 பயன்படுத்துபவர்களுக்கு இயல்பானது. கம்பி பேடின் நேர்மையும் வண்டியின் சுதந்திரமும் ஒருங்கே கிடைக்கும். வைஃபை அறுந்தால் செய்தி வருவது நிற்கும். ஆட்டோரிபீட் மடிக்கணினிப் பக்கம் இருப்பதால் அதனால் வண்டியை ஏமாற்ற முடியாது. அரை விநாடி வரம்பு ஒழுங்காக வேலை செய்யும். ஜாய் நோடு எந்தக் கணினியில் ஓடுகிறது என்பது இவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது. கல்லூரி வைஃபைகளில் மல்டிகாஸ்ட் (ஒரே செய்தியைப் பல கணினிகளுக்கு ஒருசேர அனுப்புவது) தடுக்கப்பட்டிருந்தால் நோடுகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. சொந்தமாக ஒரு சிறு ரௌட்டர் வைத்துக்கொள்வது நல்லது. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வழியாக கேம்பேடைக் கொண்டுசெல்ல முயல்வதற்குப் பதில் ஒரு பழைய மடிக்கணினியில் உபுண்டு லினக்ஸ் நிறுவிவிடுங்கள். மாலை நேரம் மிச்சம்.

ரோபோவைக் கண்காட்சியில் வைத்துப் பலரிடம் கொடுக்க வேண்டுமென்றால் உலாவியின் கேம்பேட் வசதியும் ஒரு வழி. ஒரு பட்டனையாவது அழுத்தும்வரை உலாவி பேடைக் காட்டாது. வேறு டேபுக்குப் போனால் படிப்பதும் பொதுவாக நின்றுவிடும். வண்டிப் பக்கம் காலவரம்பு இருக்கும்வரை பின்னது நன்மையே.

திறந்த மைதானத்தில்

வெளியே, 50 மீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டிய வண்டிக்கு கேம்பேடையே மறந்துவிட்டு விமானம், டிரோன் ஓட்டுபவர்கள் பயன்படுத்தும் ரேடியோவை எடுங்கள். ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 போன்ற தொடக்க நிலை ரேடியோவிலேயே ஃபெயில்சேஃப் அமைப்பு இருக்கிறது: சிக்னல் போனால் ஒவ்வொரு சேனலும் எந்த மதிப்புக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். கேம்பேட் செய்தவர்கள் நினைத்தே பார்க்காத கேள்விக்கு இந்தத் துறையில் விடை பல பத்தாண்டுகளாக இருக்கிறது, ஏனென்றால் வானத்தில் சிக்னல் போவது அன்றாடம். எல்லாச் சேனல்களின் மதிப்பையும் ஒன்றாகத் தரும் ரிசீவரின் ஐ-பஸ் வெளியீட்டை 115200 பாட் வேகத்தில் ஒரே ஒரு கம்பியில் இஎஸ்பி32 படித்துக்கொள்ளும். இடது ஸ்டிக்கின் மேல்-கீழ் அசைவுக்கு மட்டும் ஸ்பிரிங் இருக்காது, விட்ட இடத்திலேயே நிற்கும். அதை வண்டியின் வேகத்துக்கு வைக்காமல் வலது ஸ்டிக்கைப் பயன்படுத்துங்கள்.

போர்ட்டுகளைப் பற்றி

கேம்பேட் தனியாக வருவதில்லை. அதே ராஸ்பெரி பையில் லைடார், மோட்டார் பலகை, கேமரா எல்லாம் செருகியிருக்கும். பை 4இல் நான்கு யுஎஸ்பி போர்ட்டுகளுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான். பை 5இல் 5 ஆம்பியர் சப்ளை இருந்தால் 1.6, இல்லையென்றால் வெறும் 0.6. கம்பியில் செருகிய டூயல்ஷாக் தன் பேட்டரியைச் சார்ஜ் செய்யவும் அதிலிருந்தே இழுக்கும். லைடார் சுழலத் தொடங்கும் நேரத்தில் எல்லாம் ஒன்றாக விழுந்தால் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். நீல நிற யுஎஸ்பி 3 போர்ட்டுகளில் வேகமான சாதனம் இயங்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழும். இன்டெல் 2012இலேயே இதை விளக்கி ஓர் ஆவணம் வெளியிட்டது. டாங்கிளைக் கறுப்புப் போர்ட்டில், ஒரு குட்டி நீட்டிப்புக் கம்பி போட்டுச் செருகுங்கள். புளூடூத் பேட் என்றால் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். பையில் இரண்டும் ஒரே சிப்.

மோட்டார் பலகை, அதை யுஎஸ்பியில் இணைக்க உதவும் சிஎச்340 சிப்புடன் வந்தால் இரண்டு இடைஞ்சல்கள். பெரும்பாலான சிஎச்340களுக்குத் தனி வரிசை எண் கிடையாது. இரண்டு பலகை இருந்தால் எது எது என்று பெயரால் பிரிக்க முடியாது, செருகிய போர்ட்டின் இடத்தை வைத்து யுடெவ் (லினக்ஸில் சாதனங்களுக்குப் பெயரிடும் அமைப்பு) விதி எழுத வேண்டும். உபுண்டு 22.04இலோ, பார்வையற்றோருக்கான பிரெயில் கருவிகளை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை சிஎச்340ஐத் தன் கருவி என்று எண்ணிப் பிடித்துக்கொள்ளும். பலகை தோன்றிய மறுகணமே மறையும். பிரெயில் கருவி பயன்படுத்தாத கணினி என்றால் அந்தப் பொதியை நீக்கிவிடலாம்.

சோதிக்கும் முறை

எந்த வழியைத் தேர்ந்தாலும், வண்டியைச் செங்கல்மேல் தூக்கி வைத்துச் சக்கரங்கள் அந்தரத்தில் சுழலும்படி ஆக்குங்கள். டெட்மேன் பட்டனை ஒரு ரப்பர் பேண்டாலும் ஸ்டிக்கை இன்னொன்றாலும் முன்னே இழுத்துக் கட்டுங்கள். பிறகு கம்பி பேட் என்றால் பிடுங்குங்கள். டாங்கிள் பேட் என்றால் பேட்டரியைக் கழற்றுங்கள். புளூடூத் பேடை அணைத்துச் சோதிப்பதில் பயனில்லை, அது முறையாக விடைபெற்றுக்கொண்டுதான் போகும். அதை இறுக மூடும் பெரிய எவர்சில்வர் சம்புடத்துக்குள் போட்டு மூடுங்கள், அதற்கும் சிக்னல் அறுபடாவிட்டால் ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு கட்டடத்தின் மறுகோடிவரை நடக்கட்டும். வைஃபை என்றால் ரௌட்டரின் மின்சாரத்தை எடுங்கள். ரேடியோ என்றால் டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். கைப்பேசியில் சக்கரத்தை வீடியோ எடுத்தால் நேரத்தைப் பிறகு நிதானமாக எண்ணிக்கொள்ளலாம். ஒரு விநாடிக்கு மேல் சக்கரம் சுழன்றுகொண்டிருந்தால் அந்த இணைப்போடு வண்டியைத் தரையில் இறக்க வேண்டாம்.